ஈசானி மூலையில் ஒரு குழி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்புறம் ஏரிக்கரையை ஒட்டி ஒரு காலனி இருக்கிறது. அங்கே போய் செண்பகத்தின் வீடு எது என்று கேட்டால் யாரும் சட்டென்று கையை நீட்டிவிட மாட்டார்கள். "எந்த செண்பகம்? கக்கூஸ் கட்டாம பால் காய்ச்ச மாட்டேன்னு குந்திக்கினாளே, அந்த செண்பகமா?" என்று ஒரு தரம் கேட்டுச் சிரித்துவிட்டுத்தான் வழி சொல்வார்கள். சிரிப்பதற்கு அதில் என்ன இருக்கிறதோ, சிரிப்பவர்களுக்கே வெளிச்சம்.

செண்பகம் பிறந்ததும் அதே காலனியில்தான். ஊர்க்காரர்களின் நெல் வயல்களில் நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று அம்மாவின் பின்னால் சேற்றில் இறங்கி வளர்ந்தவள். வெளிக்குப் போக ஏரிக்கரைதான். அதுவும் விடிவதற்குள் போக வேண்டும், இல்லாவிட்டால் இருட்டிய பிறகு போக வேண்டும். நடுவில் வயிறு என்ன சொன்னாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டும். ரோட்டில் லாரி வெளிச்சம் அடித்தால் பாதியில் எழுந்து நிற்க வேண்டும். லாரி போனதும் உட்கார்ந்தால் அடுத்த லாரி வரும், மறுபடியும் எழுந்திருக்க வேண்டும். மழை நாளில் பாம்பு இருக்குமோ என்று தரையையும் ஆள் வருகிறானோ என்று கரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும்.

அதனால் பகலில் தண்ணீர் குடிக்காமல் இருப்பது அந்தக் காலனிப் பெண்களுக்குப் பழக்கமாகவே ஆகிவிட்டது. நாள் முழுக்க வெயிலில் குனிந்து நாற்று நட்டுவிட்டு, சொம்பை வாயருகே கொண்டுபோய் உதட்டை மட்டும் நனைத்துக்கொள்வார்கள். ஆண்களுக்கு அந்தக் கவலை கிடையாது. வரப்போரம் திரும்பி நின்றால் ஆயிற்று. இதை ஒரு கஷ்டம் என்று யாரும் பேசிக்கொண்டதும் இல்லை. பேசினால் யாராவது பதில் சொல்ல வேண்டிவருமே!

பக்கத்துத் தெரு சுப்பராயனுக்கு வாழ்க்கைப்பட்டாள். புருஷன் மாறவில்லையே தவிர அவள் கண்ணெதிரே ஊர் மாறியது. வயல்கள் ஒவ்வொன்றாகக் கம்பெனிகளாயின. புதர் இருந்த இடத்தில் காம்பவுண்டுச் சுவர் வந்தது, சுவரின் மேல் விளக்கு வந்தது, விளக்குக்குக் கீழே கேமரா வந்தது. சுப்பராயன் ஒரு இரும்பு உருக்கு மில்லில் சேர்ந்தார். செண்பகம் வேறொரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போனாள். ஹவுஸ்கீப்பிங் என்றால் பெயர்தான் பெரிது, கக்கூஸ் கழுவுகிற வேலை. கையை நீட்டினால் தண்ணீர் தானாக வரும் குழாய்களையும் முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்கும் டைல்ஸையும் தேய்த்துத் தேய்த்துத் துடைப்பாள். ஆனால் அவற்றை அவள் உபயோகிக்கக் கூடாது. ஹவுஸ்கீப்பிங் பெண்களுக்கு கேட்டுக்குப் பக்கத்தில், தாழ்ப்பாள் உடைந்த தனிக் கக்கூஸ் ஒன்று. ஒருத்தி போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கழுவ மட்டும் கை வேண்டுமாம், அந்தக் கைக்குச் சொந்தக்காரி மட்டும் வேண்டாமாம்!

அவர்கள் சொந்தமாக வீடு கட்டியபோதுதான் காலனியே சிரித்த அந்தச் சம்பவம் நடந்தது. சுவர் எழும்பித் தளம் போட்டாயிற்று. கையிலிருந்தது கரைந்துவிட்டதால் ஹாலுக்கு டைல்ஸ் போட்டுவிட்டு, கக்கூஸைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஆண்கள் பேசி முடித்தார்கள். பால் காய்ச்சும் நாளையும் குறித்துவிட்டார்கள். செண்பகம் வாசலில் கொட்டியிருந்த மணல் மேட்டின் மேல் போய் உட்கார்ந்தாள். கக்கூஸ் வந்தால்தான் உள்ளே அடுப்புப் பற்றும் என்றாள். கெஞ்சினார்கள், மிரட்டினார்கள், அவளுடைய அண்ணனைக் கூட்டிவந்து பேசவைத்தார்கள். அவள் அசையவில்லை. கடைசியில் ஹால் சிமெண்டுத் தரையாகவே நின்றது, கக்கூஸ் வந்தது.

ஆனால் ஒன்று. கக்கூஸ் வேண்டும் என்று கேட்டவள் அவள். அதை எங்கே, எப்படிக் கட்டுவது என்று அவளை யாரும் கேட்கவில்லை.

அதை முடிவு செய்தவர் சுப்பராயன். நல்ல மனுஷர்தான், குடி கிடையாது, ஆடி மாதம் பெரியபாளையத்து அம்மன் கோயிலுக்குப் போகாமல் இருக்கமாட்டார். ஆனால் மூலை பார்ப்பதில் மட்டும் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. வடமேற்கு வாயு மூலை, கழிவு அங்கேதான் போக வேண்டும். வடகிழக்கு ஈசானி மூலை, அது சாமி மூலை, அங்கே அசுத்தம் ஆகாது. மேற்குப் பக்கம் மேடாக இருக்க வேண்டும், ஈசானி மூலை பள்ளமாக இருக்க வேண்டும். பழைய குடிசையில் எப்போதோ ஒரு அடுப்பை மூலை மாற்றி வைத்த பிறகுதான் மில்லில் தன் வேலை பர்மனென்ட் ஆனது என்று அவர் நம்பினார். பதினெட்டு வருஷமாக உலைக்குப் பக்கத்தில் நின்று வெந்ததை அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை.

மனையோ பழைய நெல் வயல், மேற்குப் பக்கமும் பள்ளம். அதை மேடாக்க என்ன செய்தார் தெரியுமா? மில்லில் இரும்பை உருக்கியபின் மிஞ்சுகிற கசடு மலைபோல் கிடக்கும். அதை எடுத்துப்போனால் மில்லுக்கும் சந்தோஷம். சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தை சொல்லி, டிராக்டர் டிராக்டராக அந்தக் கசடைக் கொண்டுவந்து வீட்டின் மேற்குப் பக்கம் முழுக்கக் கொட்டி மேடாக்கினார். செப்டிக் டேங்கில் தெளிகிற தண்ணீர் பக்கத்தில் இருக்கும் உறைக்குழிக்குப் போய், அங்கிருந்து மண்ணில் ஊற வேண்டும். அந்தக் குழியில் சிமெண்டு உறைகளை இறக்கி, சுற்றிலும் ஜல்லி போட வேண்டும். ஜல்லிக்குப் பதிலாகவும் கசடையே போட்டார். "ஓசியில முடிச்சேன் பாத்தியா!" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் மார் தட்டிக்கொண்டார். பார்த்தவர்களும் சும்மா இருக்கவில்லை. காலனியில் அதற்குப் பின் எழும்பிய வீடுகளில் பாதி, கசடின் மேல்தான் நிற்கின்றன.

சில வருஷம் எல்லாம் ஒழுங்காக இருந்தது. கம்பெனியில் கழியும் பகல் போக, அந்தச் சில வருஷம் செண்பகம் ராணி மாதிரி இருந்தாள். அதன்பிறகு ஒரு மழைக்காலத்தில் தண்ணீர் ஊற்றினால் மெதுவாக இறங்கியது. அடுத்த வருஷம் குழாய்க்குள் களக் களக் என்று சத்தம் கேட்டது. பிறகு ஒரு நாள், போனது திரும்பி மேலே வந்தது.

லாரியைக் கூப்பிட்டார்கள். லாரிக்காரர் பெரிய குழாயை விட்டு டேங்கை உறிஞ்சிக்கொண்டு போனார். கொஞ்ச நாள் நன்றாக இருந்தது, மறுபடி நிறைந்தது. மறுபடி லாரி. நடுவில் யாரோ ஒரு பவுடரைப் போட்டால் எல்லாம் கரைந்துவிடும் என்றார்கள், போட்டார்கள். பவுடர்தான் கரைந்தது. லாரி வருவது முதலில் மழைக்கு மழை என்றிருந்தது, பிறகு மாதாமாதம் என்றானது. ஒவ்வொரு தடவையும் சுப்பராயன் கைகளைத் தட்டிக்கொண்டு, "ரிப்பேர் முடிஞ்சுது" என்பார்.

"இது ரிப்பேரா? கொழம்பு பொங்குனா கரண்டியால மொண்டு ஊத்துற மாதிரி கீது. அடுப்பை யாரு அமத்துறது?" என்பாள் செண்பகம்.

"கொஞ்சம் அஜிஸ் பண்ணிக்கினு போவியா, சும்மா பேஜாரு பண்ணாத" என்பார் அவர்.

அஜிஸ் பண்ணிக்கொள்வது யார்? அவருக்கு மில்லில் கக்கூஸ் இருக்கிறது. மகன் குணாவுக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை, கம்பெனி பஸ்ஸில் ஏறினால் அங்கே போய்ப் பார்த்துக்கொள்வான். மிச்சம் இருப்பது பெண்கள். இந்த அஜிஸ் என்ற வார்த்தையைக் கண்டுபிடித்தவன் கட்டாயம் ஒரு ஆம்பளையாகத்தான் இருக்க வேண்டும்.

இந்த நிலைமையில்தான் ஏஞ்சலின் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தாள். அத்திப்பட்டுப் பெண். குணாவும் அவளும் விரும்பிக் கட்டிக்கொண்டவர்கள். மாதா கோயிலில் ஒரு தரம், பெரியபாளையத்தில் ஒரு தரம் என்று இரண்டு தாலி கட்டி இரண்டு வீட்டாரையும் சமாதானம் செய்தான் குணா. வந்த சில மாதத்தில் ஏஞ்சலின் உண்டானாள். செண்பகத்துக்குத் தலைகால் புரியவில்லை. மார்க்கெட்டில் மீன்காரியிடம் வரைக்கும் சொல்லியாயிற்று.

ஐந்தாம் மாதத்தில் ஏஞ்சலினுக்கு அடிவயிற்றில் வலி, நீர்க்கடுப்பு, குளிர் காய்ச்சல். கும்மிடிப்பூண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள் செண்பகம். டாக்டரம்மா சோதித்துப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார். "சிறுநீர்ல இன்ஃபெக்ஷன். தண்ணியே குடிக்கிறதில்லையா நீ? இப்படியே விட்டா குழந்தைக்கும் ஆபத்து, உனக்கும் ஆபத்து. குடம் குடமா தண்ணி குடிக்கணும், தெரியுதா?"

ஏஞ்சலின் தலையை ஆட்டினாள். வெளியே வந்து ஷேர் ஆட்டோவுக்காக நின்றபோது செண்பகம் கேட்டாள்: "ஏன்டிம்மா, கேன்ல தண்ணி வாங்கி வெச்சுக்கீறனே, குடிக்கிறதுக்கு இன்னா?"

ஏஞ்சலின் மருந்துச் சீட்டை மடித்துக்கொண்டே சொன்னாள்: "குடிச்சா போவணுமே அத்தே. எங்க போறது? ஊத்துனா மேல வருது. நைட் ஷிப்டுன்னா மாமா பகல் பூரா ஹால்ல குந்திக்கினு டிவி பாத்துக்கினு இருப்பாரு. எனக்கு வெக்கமா கீது. அதான் பொழுது சாயற வரிக்கும் உதட்ட மட்டும் நனைச்சுக்குவேன்."

செண்பகம் எந்தப் பழக்கம் தன்னோடு ஒழியட்டும் என்று நினைத்து மணல் மேட்டில் உட்கார்ந்தாளோ, அது அவள் கட்டிய வீட்டுக்குள்ளேயே, அவள் மருமகளின் உதட்டில் வந்து உட்கார்ந்திருந்தது. அம்மா வீட்டுக்கு அனுப்பலாம் என்றால் வளைகாப்புப் போட்டு ஏழாம் மாதத்தில்தான் அனுப்ப முடியும். அதுவரைக்கும் அந்த வயிறு இந்தக் கக்கூஸை நம்பித்தான் இருந்தாக வேண்டும். அன்று வீட்டுக்கு வரும் வழி முழுக்க அவள் யாருடனும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் வீட்டில் எல்லோருக்கும் கிலி பிடித்துவிடும்.

மறுநாளே மேஸ்திரி அன்புராஜை வரவழைத்தாள். அன்புராஜ் உறைக்குழியின் மூடியை நகர்த்தி, பக்கத்தில் கடப்பாரையால் குத்திப் பார்த்தார். டங்கென்று சத்தம் வந்தது. நாலடி தள்ளிக் குத்தினார். அங்கேயும் டங்கென்றது. கடப்பாரை முனைதான் மழுங்கியது.

"இன்னா நைனா இது, மண்ணா பாறையா?" என்றார்.

"மில்லு கசடு. நாந்தான் போட்டேன்" என்றார் சுப்பராயன். பழைய பெருமை அந்தக் குரலில் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"நல்லா போட்ட போ! இத்தினி வருசமா ஈரம் பட்டுப் பட்டு எல்லாம் இறுகிப் போச்சு. குழியச் சுத்தி சிமெண்டு பூசுன மாதிரி கீது. அப்பறம் தண்ணி எங்க எறங்கும்? வந்த வழியிலயே திரும்பி வரும்."

"இந்தக் குழியவே ரிப்பேர் பண்ண முடியாதா மேஸ்திரி?" என்று செண்பகம் கேட்டாள்.

"எத்த ரிப்பேர் பண்றது? குழிய மட்டும் நோண்டி எடுத்தா போதாது. மேக்கால பூரா கசடுதான். ஒடைச்சு எடுக்கணும்னா மெஷின் வோணும். மெஷின் அடிச்சா செவுரு வாய் பொளந்துக்கும். பழசு அவ்ளோதான், அத்த மறந்துடுங்க. புதுசா ஒண்ணு எறக்கணும்."

அன்புராஜ் வீட்டைச் சுற்றி வந்தார். தெற்கே பக்கத்து வீட்டுச் சுவர் முட்டுகிறது. மேற்கும் வடமேற்கும் கசடு. கடைசியில் வாசல் பக்கம் வடகிழக்கு மூலையில் வந்து நின்று கடப்பாரையை விட்டார். வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. வீடு போக மிச்சமிருந்த மனையில் அது ஒன்றுதான் கசடு விழாத இடம். பழைய வயலின் மணல் கலந்த மண் அப்படியே இருந்தது. ஈசானி மூலை பள்ளமாக இருக்க வேண்டும் என்று சுப்பராயன் அதில் மட்டும் கை வைக்காமல் விட்டிருந்தார்.

"இதாம்மா எடம். காலனில போர் போட்டா மஞ்சத் தண்ணிதான் வருதுன்னு யாரும் போர் போடல, அதனால குடிக்கிற தண்ணில கலந்துடும்னு பயமும் இல்ல. மழைத் தண்ணி உள்ள பூராம, தரைக்கு மேல ஒரு உறை தூக்கி உட்டுட்டா போதும். எல்லாம் நல்லாயிடும்."

சுப்பராயனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அதுல வேணாம்" என்றார்.

"ஏன்யா?" என்றாள் செண்பகம்.

"ஈசானி மூலைமே! சாமி மூலை. செருப்போட கூட நா அங்க மிதிக்க மாட்டேன். அங்க போயி கக்கூஸ் குழியா? வம்சமே அழிஞ்சு பூடும். வேற எங்கனா பாரு அன்புராஜு. இல்லன்னா பழசையே ரிப்பேர் பண்ணு."

குணாவாவது வாயைத் திறப்பான் என்று செண்பகம் பார்த்தாள். அவன் மொபைலைப் பார்த்துக்கொண்டே, "அப்பா சொல்றதும் கரெக்டுதாம்மா. நாளைக்கே ஊட்ட விக்கணும்னு வெச்சுக்கோ, ஈசானியில செப்டிக் டேங்குன்னா எவன் வாங்குவான்? இப்பதைக்கு லாரியக் கூப்டு. கொழந்தை பொறக்கட்டும், அப்பறம் பாத்துக்கலாம்" என்றான்.

விற்கப்போகிறார்களாம்! யாரோ, எந்த ஊர்க்காரனோ, பிறந்துவிட்டானோ இல்லையோ, அவன் என்றைக்கோ இந்த வீட்டை வாங்க வந்தால் மூக்கைச் சுளிப்பானாம். அவனுக்காக இன்றைக்கு இவன் பெண்டாட்டி தாகத்தோடு கிடக்க வேண்டுமாம். "ஏன்டா, வாங்கப் போறவனுக்கு இருக்கிற மதிப்பு உன் பொண்டாட்டிக்கு இல்லியாடா?" என்று கத்தினாள் செண்பகம். குணா எழுந்து ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டான். சுப்பராயன் லாரிக்குப் போன் போட்டார்.

லாரி வந்தது, உறிஞ்சியது, போனது. ஏஞ்சலின் மாத்திரை சாப்பிட்டாள். மாத்திரை விழுங்கத் தேவையான அளவுக்கு மட்டும் தண்ணீர் குடித்தாள். டேங்க் மறுபடி நிறைய ஆரம்பித்தது. ஏஞ்சலினுக்கு மறுபடி காய்ச்சல் வந்தது.

செண்பகம் அதற்குமேல் யாரிடமும் கேட்கவில்லை. மில்லில் உலையைச் சரிபார்க்க ஒரு வாரம் மூடுவார்கள், அப்போது சுப்பராயன் வீட்டோடு இருப்பார். அதற்காகக் காத்திருந்தாள். மில் மூடிய அன்று காலை, கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, கடையில் ஒரு பூட்டு வாங்கிவந்து கக்கூஸ் கதவில் மாட்டினாள். ஒரு சாவியை ஏஞ்சலின் கையில் கொடுத்தாள். இன்னொன்றைத் தன் தாலிக்கயிற்றில் கோர்த்துக்கொண்டாள்.

"இன்னாமே இது?" என்றார் சுப்பராயன், தோளில் துண்டோடு வந்து நின்று.

"டேங்குல இருக்கிற எடம் ரெண்டு பொம்பளைக்குத்தான் பத்தும். ஆம்பளைங்க கொஞ்சம் அஜிஸ் பண்ணிக்கோங்க."

"வெளையாடாத, சாவியக் குடு."

"இது உன்னோட சாமி மூலையும் இல்ல, வாயு மூலையும் இல்ல. என் மூலை. நா கட்டச் சொன்னது. போ, ஊர் பெருசா கீது."

அவருக்கு வீம்பு வந்துவிட்டது. ஒரு பாட்டிலில் தண்ணீரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். இத்தனை வருஷம் உள்ளேயே பழகிவிட்டதால் வெளியே என்ன ஆகியிருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. கம்பெனிச் சுவரோரம் போய் உட்காரப் பார்த்தார். வட நாட்டு செக்யூரிட்டி ஒருவன் தடியைத் தரையில் தட்டிக்கொண்டு ஓடிவந்தான். கோடவுன் பின்னால் போனார், தலைக்கு மேலே கேமரா சிமிட்டியது. பெட்ரோல் பங்கில் "வண்டிக்கு டீசல் போட்டாதான்" என்று கக்கூஸ் சாவியை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டார்கள். அன்றைக்கு எப்படியோ சமாளித்தார். அடுத்த நாளும் வாய் பேசாமல் சமாளித்தார். அதற்கும் அடுத்த நாள் வேறு வழியில்லாமல் ஏரிக்கரைக்கே போனார்.

ஊர் முகப்பில் பஞ்சாயத்து ஒரு போர்டு வைத்திருக்கிறது: திறந்தவெளியில் மலம் கழிக்காத கிராமம். போர்டு வைத்த புதிதில் மகளிர் குழுப் பெண்களுக்கெல்லாம் ஒரு விசில் கொடுத்தார்கள். கரையில் யாராவது உட்கார்ந்தால் ஊத வேண்டும். மற்றவர்களெல்லாம் விசிலைப் பிள்ளைகளிடம் விளையாடக் கொடுத்துவிட்டார்கள். குழுத் தலைவி திலகவதி மட்டும் இன்றைக்கும் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் வாக்கிங் போவாள். அன்றும் போனாள். சுப்பராயன் வேட்டியைத் தூக்கிக்கொண்டு குந்தவும் அவள் கரை மேல் வரவும் சரியாக இருந்தது. விசில் அலறியது. கரைக்கு அந்தப் பக்கம் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முதல் ஷிப்டுக்குப் போகும் கம்பெனி பஸ் ஒன்றும் ரோட்டில் நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. எல்லா ஜன்னலிலும் தலைகள்.

"இன்னாண்ணே நீங்க! ஊட்ல கக்கூஸ வெச்சுக்கினு இங்க வந்து குந்திக்கினு கீறீங்க? செண்பகம் அக்காவோட ஊட்டுக்காரரா இப்படி?" என்று திலகவதி முகத்தைத் திருப்பிக்கொண்டு சத்தம் போட்டாள்.

சுப்பராயன் வீட்டுக்கு ஓடிவந்தார். செண்பகம் வாசலில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் மூச்சு வாங்க நின்று பொரிந்து தள்ளினார். "இன்னா ஊருமே இது? ஒரு மனுசன் நிம்மதியா குந்த எடம் இல்ல! இந்தப் பக்கம் போனா தொரத்துறான். அந்தப் பக்கம் போனா கேமரா. கரைக்குப் போனா அந்தம்மா விசில் ஊதுது, பஸ்ஸே வேடிக்கை பாக்குது. நா இன்னா நாயா? எனக்கு மானம் மரியாதி இல்ல?"

செண்பகம் கையைக் கழுவிவிட்டு எழுந்தாள். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்து அவர் ஓரடி பின்வாங்கினார். அவள் கத்தவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், பதில் சொல்லு. வெவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து இந்தக் கக்கூஸு வர்ற வரிக்கும் நா அந்தக் கரைக்குத்தான போனேன்? தீட்டு நாள்ல போனேன். குணா வயித்துல இருக்கச்சொல்ல, நெற மாசத்துல, மழையில, சேத்துல வழுக்கிக்கினு போனேன். அவனப் பெத்த பச்ச ஒடம்போட போனேன். லாரி வெளிச்சம் பட்டா பாதியில எழுந்து நின்னேன். அப்ப எந்த மூலையில குந்துறேன்னு ஒரு நாளு, ஒரே ஒரு நாளு என்னக் கேட்டியாய்யா நீ? ஈசானி மூலையா, வாயு மூலையான்னு எனக்கு எவன் வந்து பாத்துச் சொன்னான்?"

செண்பகம் கதவுப் பக்கம் கையை நீட்டினாள்.

"ஈசானியில குழி வெட்டுனா வம்சம் அழியும்ன. வம்சம் உள்ள ஜொரத்துல படுத்துக்கினு கீது, போய்ப் பாரு. தண்ணி குடிக்கப் பயந்துக்கினு கெடக்குது."

கதவுக்குப் பின்னால் ஏஞ்சலின் நின்றிருந்தாள், போர்வையைத் தோளோடு சுற்றிக்கொண்டு. மாமனாரைக் கண்டதும் வழக்கம்போல் தலையைக் குனிந்துகொண்டாள். சுப்பராயன் அவளைப் பார்த்தார். வெடித்திருந்த அவள் உதட்டைப் பார்த்தார். இத்தனை மாதமாக அதே ஹாலில் உட்கார்ந்து டிவி பார்த்தவர்தான், அவளைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவர் வீட்டின் பின்பக்கம் போய்க் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தார். ஈசானி மூலைக்கு வந்ததும் பழக்க தோஷத்தில் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். கிழக்கே பார்த்து ஒரு கும்பிடு போட்டார். பிறகு முதல் குத்தைப் போட்டார்.

அன்புராஜுக்குப் போன் போனது. உறைகள் வந்திறங்கின. குணாவும் லீவு போட்டுவிட்டு மண்ணைத் தூக்கிக் கொட்டினான், யாரும் அவனிடம் பேசாததால் இரண்டு ஆள் வேலையை ஒருவனாகச் செய்தான். சுற்றிலும் இந்தத் தடவை காசு கொடுத்து வாங்கிய நல்ல ஜல்லி. மூடியை வைப்பதற்கு முன் சுப்பராயன் தயங்கித் தயங்கி, "ஒரு எலுமிச்சம்பழம் மட்டும் வெச்சுடறேன்மே" என்றார். "வெச்சுக்கோ, உன் பழம்" என்றாள் செண்பகம். டேங்கிலிருந்து புதுக்குழிக்குக் குழாயைச் சேர்த்ததும் கக்கூஸில் அவளே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். போனது போனதுதான். சத்தமும் இல்லை, திரும்பியும் வரவில்லை. பூட்டைக் கழற்றிச் சாக்கடையில் எறிந்தாள்.

உள்ளே வந்து, ஒரு சொம்பு நிறையத் தண்ணீரை ஏஞ்சலினிடம் நீட்டினாள். நல்ல உச்சி வெயில். ஏஞ்சலின் வாங்கி, உதட்டை நனைத்துக்கொண்டு கீழே வைக்கப் போனாள்.

"குடி."

"அத்தே, அப்பறம்..."

"அப்பறம் போ. எத்தினி தபா வேணும்னாலும் போ. எவன் கேக்குறான் பாக்கறேன்."

சுப்பராயன் எழுந்து டிவியை அணைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். ஏஞ்சலின் சொம்பைத் தூக்கி அண்ணாந்து குடித்தாள். தொண்டை ஏறி இறங்க, நிறுத்தாமல், கழுத்திலும் மாரிலும் வழிய வழிய முழுசாகக் குடித்து முடித்து மூச்சு வாங்கினாள். "இன்னும் கொஞ்சம் குடு அத்தே" என்றாள்.

இரண்டாவது தடவை சொம்பை நிரப்பிக் கொடுத்து, மூன்றாவது தடவை நிரப்பியபோது ஏஞ்சலின் போதும் என்று கையைக் காட்டினாள். நிறைந்த சொம்பு செண்பகத்தின் கையிலேயே இருந்தது. வழக்கம்போல் உதட்டருகே கொண்டுபோனவள் அப்படியே நின்றாள். நாற்பத்தெட்டு வயதாகிறது, பகல் வேளையில் வயிறு நிறையத் தண்ணீர் குடித்த ஒரு நாளும் அவளுக்கு நினைவில்லை. எவ்வளவு தாகமாக இருந்திருக்கிறது என்பதே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. சொம்பைச் சாய்த்துக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள்.